பக்டீரியாவைத் தாக்கும் வைரசு: பாட்ஸ்பியோர்ட் மீன் மேசையில் இருந்து மருந்துக் குப்பி வரை

நோர்வேத் தமிழர்களுக்கு பாட்ஸ்பியோர்ட் என்ற பெயரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஒஸ்லோவில் இன்று வீடு வாங்கி, பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருக்கும் பல குடும்பங்களின் முதல் சம்பளம் பின்மார்க்கின் ஏதோவொரு மீன் தொழிற்சாலையில் எடுத்ததுதான். பாட்ஸ்பியோர்ட், வார்டோ, வாட்சோ, மேஹாமன் என்று ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லுவினம் அந்தக் காலத்து ஆக்கள். வருசத்தில் இரண்டு மாதமளவில் சூரியனே தலைகாட்டாத இடம். இரண்டாயிரம் பேரை ஒட்டிய சனத்தொகை. அங்கே தொர்ஸ்க் மீனையும் ஹீசே மீனையும் தோலுரித்து முள்ளெடுத்த கைகள்தான் யாழ்ப்பாணத்தில் கடனை அடைத்தன, தங்கச்சிமாரைக் கரைசேர்த்தன.

அந்த மேசைகளுக்குக் கீழே கால்வாயில் ஓடின தண்ணீரை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. இரத்தமும் செதிலும் கலந்த கழிவு என்றுதான் நினைத்தோம். தொழிற்சாலைக்கு வெளியே கிடந்த கடலும் அப்படித்தான்: மீன் வரும் இடம், அவ்வளவுதான். ஆனால் எங்கட ஆக்கள் அங்கே இரண்டு பாளி வேலை செய்துகொண்டிருந்த அதே காலத்தில், அந்தத் தண்ணீருக்குள் என்ன இருக்கு என்று நோர்வே விஞ்ஞானிகள் எண்ணிப் பார்த்தார்கள்.

1989 ஆகஸ்டில் பேர்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓய்விண்ட் பேர்க், குன்னார் பிராட்பாக் உள்ளிட்ட நால்வர் 'நேச்சர்' இதழில் ஒரு சிறிய கட்டுரை எழுதினார்கள். இயற்கை நீரை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது, ஒரு மில்லிலீற்றருக்குள் 25 கோடி வரை வைரசுகள் இருந்தன. முன்பு நம்பியிருந்ததைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். வைரசு என்றதும் பயப்பட வேண்டாம். இவற்றில் பெரும்பாலானவை மனிதனையோ மீனையோ தொடாதவை. பக்டீரியாவை மட்டும் தாக்குபவை. இவற்றுக்கு விஞ்ஞானம் வைத்த பெயர் பக்டீரியோபேஜ், சுருக்கமாகப் பேஜ். பக்டீரியாவைத் தின்பது என்பது பொருள்.

இந்தப் பேஜ்களிடம் உள்ள சில புரதங்களை மனிதன் எடுத்து எதற்கெல்லாம் பயன்படுத்துகிறான், நாளைக்கு எதற்குப் பயன்படுத்தக்கூடும், இதில் எங்களுக்கு என்ன அக்கறை இருக்க வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பேசப்போகிறேன்.

கங்கையில் தொடங்கிய கதை

பேஜின் வரலாற்றில் எங்கட பக்கத்து நிலத்துக்கும் ஒரு இடம் உண்டு. 1896இல் இந்தியாவில் பணியாற்றிய ஆங்கில விஞ்ஞானி ஏர்னஸ்ட் ஹான்கின், கங்கை, யமுனை நீரில் கொலராக் கிருமி விரைவாகச் செத்துப்போவதையும், நீரைக் கொதிக்க வைத்தால் அந்தச் சக்தி போய்விடுவதையும் பதிவு செய்தார். அது பேஜ்தானா என்பதில் இன்றும் விவாதம் உண்டு. பிறகு 1915இல் இங்கிலாந்தில் பிரெடெரிக் ருவோர்ட்டும், 1917இல் பரிசில் பெலிக்ஸ் டெரெல்லும் தனித்தனியாகப் பேஜைக் கண்டறிந்தார்கள். டெரெல் 1927இல் இந்தியாவுக்கே வந்து கொலரா நோயாளிகளிடம் அதைப் பரீட்சித்தார்.

பெனிசிலின் வந்ததோடு மேற்கு நாடுகள் பேஜை மறந்துவிட்டன. ஜோர்ஜியாவின் திபிலிசி நகரில் 1923இல் தொடங்கிய நிறுவனம் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு இன்றுவரை பேஜ் மருத்துவம் செய்கிறது. ஆனால் ஆய்வுகூடங்களில் பேஜ் மறக்கப்படவில்லை. மூலக்கூற்று உயிரியல் என்ற துறையே அதன் தோளில்தான் வளர்ந்தது.

வேலியின் கட்டை அறுக்கும் கத்தி

பேஜ் எப்படி வேலை செய்கிறது? பக்டீரியாவின் மேல் ஒட்டி, தன்னுடைய மரபுப்பொருளை உள்ளே செலுத்தும். உள்ளே போனதும் பக்டீரியாவின் இயந்திரங்களையே பிடித்து, தன்னைப் போல் நூறு பேஜ்களைச் செய்விக்கும். கடைசியில் எல்லாம் வெளியே வரவேண்டும். சுவர் தடுக்கிறது. அப்போதுதான் லைசின் என்ற புரதம் வேலைக்கு வருகிறது.

பக்டீரியாவின் சுவரை எங்கட ஊர்க் கிடுகு வேலி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கதியாலும் வரிச்சும் கயிற்றுக் கட்டால் பிணைந்து நிற்கும். கட்டுகளை அறுத்தால் வேலி அப்படியே சரியும். லைசின் அந்தக் கட்டுகளைத்தான் தேடி அறுக்கிறது. பக்டீரியாவின் உள்ளே அழுத்தம் மிக அதிகம். சுவர் ஓரிடத்தில் பலவீனமானாலே போதும், அது வெடித்துச் செத்துப்போகும்.

அப்படியானால் பேஜை விட்டுவிட்டு, அந்தக் கத்தியை மட்டும் எடுத்து வெளியில் இருந்து அறுத்தால் என்ன? நியூயோர்க்கின் ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் பிஷெற்றியின் குழு இதைத்தான் செய்தது. 2001இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, தொண்டை நோவைத் தரும் ஸ்ரெப்ரோகொக்கஸ் வகையில் ஒரு கோடிக் கிருமிகளை, ஒரு கிராமின் நூறு கோடியில் பத்துப் பங்கு லைசின், 5 விநாடிக்குள் அழித்தது. சாதாரண அன்ரிபயோற்றிக் இதற்கு மணித்தியாலக் கணக்கில் நேரமெடுக்கும்.

இன்னொரு நன்மையும் இருக்கு. அன்ரிபயோற்றிக் கெட்ட கிருமியோடு சேர்த்து வயிற்றில் இருக்கும் நல்ல கிருமியையும் கொல்லும். லைசின் தனக்குரிய வேலியை மட்டும் அறுக்கும். பக்கத்து வளவைத் தொடாது. குறையும் உண்டு. ஈ கோலை போன்ற கிருமிகளுக்குச் சுவருக்கு வெளியே இன்னொரு எண்ணெய்த்தன்மையான உறை இருக்கு. வெளியிலிருந்து போகும் லைசின் அதைத் தாண்டுவது கடினம். அதற்கு மாற்றுவழி தேடி ஆராய்ச்சி நடக்கிறது.

உங்கள் கையிலே ஏற்கனவே போட்டாயிற்று

இதெல்லாம் எதிர்காலக் கதை என்று நினைக்க வேண்டாம். கொரோனா காலத்தில் நீங்கள் பைசர் அல்லது மொடேர்னா ஊசி போட்டிருந்தால், ஒரு பேஜ் புரதம் செய்த பொருள் உங்கள் உடம்பில் ஏற்கனவே போய்விட்டது. அந்த ஊசியில் இருப்பது எம்ஆர்என்ஏ. அதைத் தொழிற்சாலையில் பிரதி எடுக்கும் புரதம் ரி7 என்ற பேஜிலிருந்து வந்தது, 1970இல் கண்டுபிடிக்கப்பட்டது. அன்று அதைத் தேடியவர்கள் பெருந்தொற்று எதையும் நினைத்திருக்க மாட்டார்கள். ஐம்பது வருசம் கழித்து அது கோடிக்கணக்கான ஊசிகளைச் செய்ய உதவியது.

ரி4 என்ற இன்னொரு பேஜின் புரதம், அறுந்த டிஎன்ஏ துண்டுகளை ஒட்டும் பசையாக உலகின் எல்லா மரபணு ஆய்வுகூடங்களிலும் இருக்கு. 1985இல் அமெரிக்காவின் ஜோர்ஜ் ஸ்மித், பேஜின் மேலுறைப் புரதத்தோடு வேறு புரதத்தை ஒட்டி வெளியே தெரியச் செய்யும் வழியைக் கண்டார். பிரித்தானியாவின் கிரெகரி வின்ரர் அதைப் பிடித்து மருந்துக்கான பிறபொருளெதிரிகளைத் தேடினார். இருவரும் 2018இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். எங்கட குடும்பங்களில் மூட்டுவாதத்துக்கு ஹியுமிரா ஊசி போடுகிறவர்கள் இருந்தால், அந்த மருந்து பிறந்த வழி இதுதான்.

மீன் தொழிற்சாலையின் பழைய எதிரி

மறுபடி மீன் மேசைக்கு வருவோம். மீன் தொழிற்சாலையில் வேலை செய்த எவருக்கும் துப்புரவு என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. நுரை அடித்தல், கழுவுதல், தொப்பி, சப்பாத்து, கையுறை என்று ஒவ்வொரு நாளும் கெடுபிடி. அதன் பின்னால் நிற்கும் எதிரிகளில் முக்கியமானது லிஸ்டீரியா. மற்றக் கிருமிகள் குளிரில் தூங்கும். இது குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் மெதுவாக வளரும். இயந்திர இடுக்குகளிலும் தரைக் கால்வாயிலும் படலமாக ஒட்டிக்கொண்டு வருசக்கணக்கில் இருக்கும்.

இளவயதுக்காரருக்கு இது பெரிதாக ஒன்றும் செய்யாது. கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் நோயெதிர்ப்புக் குறைந்தவர்களுக்கும் ஆபத்து. கரு கலையலாம், மூளைக்காய்ச்சல் வரலாம். அதனால்தான் கிராவ் லக்ஸ், ராக்பிஸ்க் போன்றவற்றைக் கர்ப்பகாலத்தில் சாப்பிட வேண்டாம் என்று நோர்வே உணவு அதிகாரசபை சொல்கிறது. முதல் தலைமுறை இன்று எழுபதைத் தொடும் வயது. முன்பு மேசையில் அந்தக் கிருமிக்கு எதிராகச் சுரண்டிக் கழுவியவர்களே இன்று அதற்கு இலகுவில் அகப்படக்கூடியவர்களாகி விட்டார்கள் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

இங்கேயும் பேஜ் வந்துவிட்டது. 2006 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், லிஸ்டீரியாவைத் தாக்கும் ஆறு பேஜ்களின் கலவையை உடன் உண்ணும் இறைச்சி உணவுகளில் தெளிக்க அனுமதித்தது. பரிசோதனைப் பக்கத்தில், பேஜ் புரதத்தைத் தூண்டில்போல் வைத்து உணவு மாதிரியிலிருந்து லிஸ்டீரியாவையும் சல்மொனெல்லாவையும் பிடித்துக் காட்டும் கருவிகள் விற்பனையில் உள்ளன. பிறபொருளெதிரிக்குப் பதிலாக, தன் இரையை நன்றாக அறிந்த பேஜின் புரதத்தையே காவலுக்கு நிறுத்தும் வேலை இது.

நோர்வேயிலும் லொபோத்தனின் லெக்னெஸ் நகரில் இருக்கும் ஒரு நிறுவனம், சல்மன் குஞ்சுகளைத் தாக்கும் யெர்சினியா கிருமிக்கு எதிராகப் பேஜ் கலவை செய்து விற்கிறது. நோர்வே சல்மன் வளர்ப்பில் 1987இல் 48 தொன் அளவில் அன்ரிபயோற்றிக் போனது. தடுப்பூசி வந்த பிறகு, உற்பத்தி பல மடங்கு கூடியும், அண்மைய வருசங்களில் அது ஒரு தொன்னுக்கும் கீழே இறங்கியது. மனம் வைத்தால் குறைக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

இறால் கழுவின தண்ணீரில் காசு

மேசைக்குக் கீழே ஓடின தண்ணீரைப் பற்றி முதலில் சொன்னேன். ட்ரொம்சோ ஆய்வாளர்கள் அந்தத் தண்ணீரை விடவில்லை. வடகடல் இறாலைப் பதப்படுத்தும்போது வெளியேறும் நீரில் ஒரு நொதியம் இருப்பதைக் கண்டு பிரித்தெடுத்தார்கள். குளிர்நீர் உயிரினத்தின் நொதியம் என்பதால் கொஞ்சம் சூடாக்கினாலே செயலிழந்துவிடும். ஆய்வுகூடத்துக்கு அதுதான் வசதி: வேலை முடிந்ததும் சூடாக்கி நிறுத்திவிடலாம். அட்லாண்டிக் தொர்ஸ்க் மீனிலிருந்தும் அப்படியொரு நொதியம் எடுக்கப்பட்டு, இன்று பிசிஆர் சோதனைகளில் பழைய மாதிரியின் எச்சம் புதிய முடிவைக் கெடுக்காமல் தடுக்கிறது. ட்ரொம்சோவின் ஆர்க்ரிக்சைம்ஸ் நிறுவனம் இவற்றை உலகம் முழுக்க விற்கிறது.

இது பேஜ் புரதம் இல்லையே என்று கேட்கலாம். இல்லைத்தான். ஆனால் இரண்டும் ஒரே மேசையில் வேலை செய்கின்றன. டிஎன்ஏ துண்டை ரி4 பேஜின் பசை தேவையில்லாத இடத்தில் ஒட்டிவிடாமல், முன்கூட்டியே அதன் நுனியைச் சரிபார்த்து வைப்பது இந்த இறால் நொதியம். பேஜும் இறாலும் கைகோர்த்தால்தான் பல மரபணு வேலைகள் ஒழுங்காக முடியும்.

எங்கட ஆக்கள் மணித்தியாலச் சம்பளத்துக்குப் பதப்படுத்திய மீனின் கிலோ விலை எங்களுக்குத் தெரியும். அதே கடலின் ஒரு நொதியத்தைச் சிறு குப்பியில் அடைத்தால் என்ன விலை போகும் என்று எங்களில் எத்தனை பேர் யோசித்திருப்போம்? இரண்டுக்கும் இடையில் இருந்தது படிப்பும் ஆய்வுகூடமும்தான்.

பெங்களூரின் பி128, எங்கட எம்ஆர்எஸ்ஏ சோதனை

விடுமுறைக்கு ஊருக்குப் போய் கொழும்பிலோ சென்னையிலோ ஆஸ்பத்திரியில் படுத்து எழும்பி வந்தவர்களுக்கு ஒரு அனுபவம் இருக்கும். நோர்வேயில் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சை விட்டு எம்ஆர்எஸ்ஏ சோதனை செய்வார்கள். சிலர் இதை அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். "எங்களைக் கண்டால் அருவருப்பாக்கும்" என்று பேசுகிறார்கள். அப்படியில்லை. கடந்த பன்னிரண்டு மாதத்தில் நோர்டிக் நாடுகளுக்கு வெளியே ஆஸ்பத்திரியில் சிகிச்சை எடுத்த எவருக்கும், நோர்வேஜியர் ஆனாலும், இதே விதிதான். பல அன்ரிபயோற்றிக்குகளுக்கு அடங்காத ஸ்ரபிலோகொக்கஸ் கிருமி ஆஸ்பத்திரிக்குள் குடியேறாமல் பார்த்துக்கொள்ளும் காவல் அது.

2019இல் மட்டும், மருந்துக்கு அடங்காத பக்டீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் என்று 'லான்செற்' மருத்துவ இதழ் கணக்குக் காட்டியது. அதில் தென்னாசியாவின் பங்கு சிறியதல்ல.

இதே கிருமிக்கு எதிராகத்தான் பெங்களூரில் ஒரு முயற்சி நடந்தது. ஜே. ராமச்சந்திரன் 2000இல் தொடங்கிய கங்காஜென் நிறுவனம், கே என்ற பேஜின் வால்பகுதிப் புரதத்தையும், ஸ்ரபிலோகொக்கஸைப் பற்றிப்பிடிக்கும் இன்னொரு புரதத் துண்டையும் ஒட்டி பி128 என்ற மருந்துப் புரதத்தைச் செய்தது. ஒரு பகுதி பிடிக்கும், மறுபகுதி அறுக்கும். ஹான்கின் பார்த்த கங்கைதான் நிறுவனத்தின் பெயரில் ஓடுகிறது.

ஆனால் மருந்துக் கடைக்கு வரும் பாதை நீளம். அமெரிக்காவில் எக்செபக்கேஸ் என்ற லைசின், இரத்தத்தில் ஸ்ரபிலோகொக்கஸ் தொற்றியவர்களிடம் இரண்டாம் கட்டச் சோதனையில் நம்பிக்கை தந்தது. மூன்றாம் கட்டத்தில் எதிர்பார்த்த பலன் தெரியாததால் 2022இல் சோதனை நிறுத்தப்பட்டது. அதைச் செய்த கொன்ராபெக்ற் நிறுவனம் 2023 டிசம்பரில் திவாலானது. விஞ்ஞானத் தோல்வி ஒரு பாதி. பணத் தோல்வி மறுபாதி. புதிய கிருமிக்கொல்லி வந்தால், அது பழுதாகாமல் இருக்க, அதைக் குறைவாகத்தான் பாவிக்க வேண்டும். குறைவாக விற்கும் மருந்துக்கு முதலீட்டாளர் வரமாட்டார். அரசுகள் கைகொடுக்காமல் இந்த முடிச்சு அவிழாது.

அப்ப நாங்கள் என்ன செய்வது?

முதலாவது, வீட்டுப் பழக்கம். காய்ச்சல் என்று பஸ்ட்லேகேயிடம் போனால் பரசெற் குடித்துவிட்டு ஓய்வெடுக்கச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள் என்பது எங்கட கொண்டாட்ட வீடுகளில் தவறாமல் கேட்கும் குறை. சில வேளை அந்தக் குறையில் நியாயம் இருக்கலாம். ஆனால் வைரசுக் காய்ச்சலுக்கு அமொக்சிசிலின் ஒன்றும் செய்யாது. பக்டீரியாவுக்குப் பயிற்சி கொடுக்கத்தான் உதவும். ஊரிலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த குளிசையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பிரித்துக் கொடுப்பதை நிறுத்துவோம். அன்ரிபயோற்றிக் தந்தால் டொக்டர் சொன்ன நாள்வரை குடிப்போம். இணையத்தில் "பேஜ் மருந்து" என்று யாராவது விற்றால் காசைக் கொட்டாதீர்கள். எந்தக் கிருமி என்று ஆய்வுகூடத்தில் பார்த்து, அதற்குரிய பேஜைப் பொருத்தாமல் கொடுப்பது பூட்டைப் பார்க்காமல் திறப்பு வாங்குவது மாதிரி.

இரண்டாவது, பிள்ளைகளின் படிப்பு. டொக்டர், இஞ்சினியர், கணக்காளர் என்ற மூன்று வாசலை விட்டு நாலாவது வாசல் ஒன்று இருக்கிறது. நுண்ணுயிரியலும் உயிர்த்தொழில்நுட்பமும் படிக்க விரும்பும் பிள்ளையிடம் "அதைப் படிச்சு என்ன செய்யப்போறாய்?" என்று கேட்பதற்கு முன், கொரோனா ஊசியை நினையுங்கள். ட்ரொம்சோப் பல்கலைக்கழகத்தின் மீன்பிடிக் கல்லூரி வாசலுக்குத் தமிழ்ப் பிள்ளைகள் போகக் கூடாது என்று சட்டம் இல்லை. மீன் என்றால் வெட்டுகிற வேலை மட்டும்தான் என்ற எண்ணம், அந்த வேலையின் களைப்பிலிருந்து வந்தது. அதைப் பிள்ளைகளுக்கும் சீதனமாகக் கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது, ஊர்க் கடல். பாக்குநீரிணையிலும் யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் இதே மாதிரிக் கோடிக்கணக்கான பேஜ்கள் இருக்கின்றன. வெப்பக்கடலின் பேஜ்கள், வெப்பத்தைத் தாங்கும் புரதங்கள். அங்கே இறால் வளர்ப்பை அழிக்கும் விப்ரியோ கிருமிக்கு அங்கேயே மருந்து இருக்கக்கூடும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மீன்பிடியியல் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். புலம்பெயர் சங்கங்கள் கோயிலுக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு, ஒரு மாணவனை ஒரு வருசம் ட்ரொம்சோவிலோ பேர்கனிலோ வைத்துப் பயிற்றப் போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு நாட்டின் உயிர்வளத்திலிருந்து பொருள் செய்து சம்பாதிப்பவர்கள் அந்த நாட்டோடு பயனைப் பகிர வேண்டும் என்று 2010இல் நகோயா நெறிமுறை எழுதப்பட்டது. 2014இல் நடைமுறைக்கு வந்தது. தன் கடலில் என்ன இருக்கு என்று தெரியாதவர், பங்கு கேட்கவே முடியாது. எண்ணிப் பார்த்தவர்தான் கேட்கலாம். பேர்கன்காரர் 1989இல் எண்ணினார்கள். ட்ரொம்சோக்காரர் கழிவுநீரைக்கூட விடாமல் பார்த்தார்கள். எங்கட கடலை எண்ணவும் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள், பின்மார்க்கில் மீன் வெட்டிய ஒருவரின் மகளாகவோ பேரனாகவோ இருந்தால், அந்தக் கைகளின் உழைப்புக்கு அதைவிட நல்ல வட்டி வேறென்ன?